மறு: ஷோல்டர் பேட்சுக்குத் தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

போர் வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் தோழி கேட்டது ஒரே ஒரு சொல்தான். படைவீரரின் சட்டைக் கையில், தோளுக்குச் சற்றுக் கீழே தைத்திருக்கும் அந்த வண்ணத் துணிக்கு என்ன பெயர்? மூன்று நாளில் மூன்று சொற்கள் வந்துவிட்டன. மூன்றையும் வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். தோன்றியதைச் சொல்கிறேன்.

> பேட்ச் என்றால் ஒட்டுதானே? 'தோள் ஒட்டு' என்று வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் ஒட்டுப்போட்ட சட்டை என்றதும் நம் மனத்தில் வருவது கிழிசல். ஒரு டிவிஷனே (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட பெரிய படைப்பிரிவு) உயிராக மதிக்கும் சின்னத்துக்குக் கிழிசலை மறைக்கும் துணியின் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது வெல்க்ரோ வந்துவிட்டது, உண்மையிலேயே ஒட்டத்தான் செய்கிறார்கள், அது சரி. ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டதற்கும் நியாயம் உண்டு. தொடக்கத்தில் அது வெறும் துணித்துண்டாகத்தான் இருந்தது. 1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஃபிலிப் கியர்னி என்ற தளபதி வழியோரம் ஒதுங்கி நின்ற சில அதிகாரிகளைத் தன் ஆட்கள் என்று நினைத்துத் திட்டித் தீர்த்தார் என்று சொல்வார்கள். அவர்களோ வேறு படையைச் சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகுதான் தன் டிவிஷன் அதிகாரிகள் சிவப்புத் துணித்துண்டு ஒன்றைத் தொப்பியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். சாதாரண வீரர்களும் அதைத் தாங்களாகவே வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே ஜோசப் ஹூக்கர் அதைத் தன் சேனை முழுவதற்கும் ஒழுங்குபடுத்தினார். ஒவ்வொரு கோருக்கும் (சில டிவிஷன்கள் சேர்ந்தது ஒரு கோர்) ஒரு வடிவம்: வட்டம், மூவிலை, சாய்சதுரம், பிறை, நட்சத்திரம் என்று. முதல் டிவிஷன் என்றால் சிவப்பு, இரண்டாவது வெள்ளை, மூன்றாவது நீலம். வடிவம் கோரைச் சொல்லும், நிறம் டிவிஷனைச் சொல்லும். புகையும் தூசியுமாகக் கிடக்கும் களத்தில் எழுத்தைப் படிக்க முடியாதவனுக்கும் புரியும்.

இவை எல்லாம் தொப்பியில் இருந்தவை என்பதைக் கவனியுங்கள். தோளுக்கு வந்தது 1918இல்தான். அமெரிக்காவின் 81ஆம் டிவிஷன் தென் கரோலினாவில் கேம்ப் ஜாக்சனில் பயிற்சி எடுத்தது. அருகில் ஓடிய ஓடையின் பெயர் வைல்ட்கேட் கிரீக். அந்தக் காட்டுப்பூனையின் நிழலுருவைத் தோளில் தைத்துக்கொண்டு பிரான்சுக்குப் போய் இறங்கினார்கள். 'இவர்களுக்கு மட்டும் என்ன தனியாக?' என்று மற்றவர்கள் கேட்க, விவகாரம் தலைமைத் தளபதி பெர்ஷிங் வரை போனது. அவர் பூனையைப் பிய்க்கச் சொல்லவில்லை. மற்ற டிவிஷன்களும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1918 அக்டோபர் 19இல் ஒப்புதல் கிடைத்தது. முதல் உலகப் போர் முடிய அப்போது ஒரு மாதம்கூட இல்லை.

> 'தோள்பட்டைச் சின்னம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

புழக்கத்தில் இருப்பதால்தான் சிக்கல் அம்மா. தோள்பட்டைச் சின்னம் என்றால் வாசகர் நட்சத்திரத்தையும் சிங்கத்தையும்தான் நினைப்பார். அது பதவியைக் காட்டுவது. ஆளுக்கு ஆள் மாறும். நாம் பேசும் துணியோ ஜெனரலுக்கும் கடைசி வரிசைச் சிப்பாய்க்கும் ஒன்றேதான். 'இவர் எவ்வளவு பெரியவர்?' என்ற கேள்விக்கு ஒன்று பதில் சொல்கிறது, 'இவர் யாரோடு சேர்ந்தவர்?' என்ற கேள்விக்கு மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், தோழியின் நூலில் ஒரே பத்தியில் இரண்டும் வரும்போது வாசகர் தவிப்பார்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்திலும் இந்திய ராணுவத்திலும் இதற்கு ஃபார்மேஷன் சைன் என்றுதான் பெயர். அந்தப் பெயரில் தோளும் இல்லை, துணியும் இல்லை. காரணம், அதே குறி வண்டிகளிலும் வழிகாட்டிப் பலகைகளிலும் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் 51ஆம் ஹைலேண்ட் டிவிஷன் தன் எச்.டி. என்ற எழுத்துகளைப் போகிற வழியெல்லாம் தீட்டிவைத்தது. மற்ற படைகள் அதை ஹைவே டெக்கரேட்டர்ஸ், அதாவது சாலையை அலங்கரிப்பவர்கள், என்று விரித்துச் சொன்னார்கள். சுவரில் தீட்டிய குறியைத் தோள்பட்டைச் சின்னம் என்று எப்படி எழுதுவது?

> 'பொறி' நம் பழைய சொல். புலிப்பொறி, கயற்பொறி என்று இருக்கிறதே.

இதைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். அரசர்களின் சின்னத்துக்குப் பொறி என்று பெயர். ஒரு நாள் முழுக்க 'படைப்பொறி' என்றே எழுதிப் பார்த்தேன். பிறகு சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. மதுரையின் மதில்மேல் இருந்த போர் எந்திரங்களுக்கு அங்கே பொறி என்றுதான் பெயர். இன்றைய வாசகரும் பொறியியலிலிருந்துதான் வருகிறார். படைப்பொறி என்றால் பீரங்கி என்று நினைத்துவிடுவார். விட மனமில்லாமல்தான் விட்டேன்.

ஆனால் அந்தத் தேடல் வீண்போகவில்லை. தொல்காப்பியப் புறத்திணையியலில் போந்தை, வேம்பு, ஆர் என்று மூன்று பூக்கள் வருகின்றன. சேர, பாண்டிய, சோழப் படையினர் சூடியவை. ஏன் சூடினார்கள் என்பதற்கு அங்கேயே காரணம் இருக்கிறது: 'உறுபகை வேந்திடை தெரிதல் வேண்டி'. கடும்பகை மூண்ட களத்தில் எந்த வேந்தனின் ஆள் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. கியர்னியின் சிவப்புத் துணிக்கும் இதுவேதான் காரணம். பூவின் பெயரை இங்கே கொண்டுவர முடியாது, ஆனால் 'தெரிதல் வேண்டி' என்ற கருத்தை நாம் உண்டாக்கும் சொல் தாங்க வேண்டும்.

அடையாளம் காட்டுவதோடு இது நிற்கவும் இல்லை. ரால்ஃப் லிண்டன் என்ற மானிடவியலாளர் முதல் உலகப் போரில் அமெரிக்காவின் 42ஆம் டிவிஷனில் இருந்தவர். 26 மாநிலங்களிலிருந்தும் தலைநகர் மாவட்டத்திலிருந்தும் ஆட்களைத் திரட்டி அமைத்த டிவிஷன் என்பதால் அதற்கு வானவில் என்று பெயர். யாரோ மேலதிகாரி வைத்த பெயர்தான். ஆனால் சில மாதங்களுக்குள் 'நீ யார்?' என்று கேட்டால் வீரன் 'நான் வானவில்' என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. தாக்குதலுக்குப் போகும்போது வானவில் தெரிந்தால் நல்ல சகுனம் என்றார்கள். தெரியவே முடியாத வானிலையிலும் தெரிந்ததாக அடித்துச் சொன்னார்கள். இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்த லிண்டன், 1924இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு குலம் தன் அடையாளமாகக் கொள்ளும் விலங்கையோ பொருளையோ பழங்குடிகளிடம் நாம் குலக்குறி என்று படிக்கிறோமே, அதே போக்கு நவீன ராணுவத்திலும் இருக்கிறது என்பது அவர் சொன்னது.

குலக்குறி! தமிழில் ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல் அது. குலத்துக்குக் குலக்குறி என்றால், படையணிக்கு அணிக்குறி. ஃபார்மேஷன் சைனுக்கு இதைத்தான் முன்வைக்கிறேன். அணி என்பது அணிவகுத்த படை. அணிவது என்ற பொருளும் கூடவே வருகிறது. ஒரே சொல்லில் இரண்டும் கிடைப்பது தமிழின் கொடை, அதை ஏன் விட வேண்டும்?

'அணி என்றால் விளையாட்டு அணி, கட்சி அணி' என்று யாராவது சொல்வீர்கள். இலங்கைத் தமிழில் படையணி என்பது அன்றாடச் சொல். முதல் முறை 'படையணிக்குறி' என்று எழுதிவிட்டு, அப்புறம் அணிக்குறி என்று சுருக்கிக்கொண்டால் யாருக்கும் குழப்பம் வராது.

தோளில் தைக்கும் துணிக்கு? அதற்குத் தோட்குறி. நாள் + குறிப்பு நாட்குறிப்பு ஆவதுபோல. வாய்க்குப் பழக இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான். கண்டிப்பாகத் 'தோள்குறி' என்றே எழுத வேண்டும் என்பவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஏன் இரண்டு சொற்கள்? 45ஆம் டிவிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளின் பழைய வழக்கத்திலிருந்து எடுத்த மஞ்சள் ஸ்வஸ்திகாதான் அதன் முதல் குறி. ஜெர்மனியில் நாஜிகள் அதே வடிவத்தைக் கொடியாக்கியபின் அதை வைத்திருக்க முடியவில்லை. 1939இல் அதே பூர்வகுடி மரபிலிருந்து இடிப்பறவையைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே 'டிவிஷன் தன் அணிக்குறியை மாற்றியது' என்று எழுத வேண்டும். ஒரு வீரன் பழையதைப் பிரித்துப் புதியதைத் தைத்தால், அவன் கையில் இருப்பது தோட்குறி.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. 1944இல் ஐரோப்பாவுக்குப் போன அமெரிக்காவின் 23ஆம் தலைமையகச் சிறப்புப் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள். ஊதிய ரப்பர் டாங்கிகளும் ஒலிபெருக்கிகளும் வைத்துக்கொண்டு ஜெர்மானியரை ஏமாற்றுவதுதான் அவர்கள் வேலை. வேறு டிவிஷன்களின் தோட்குறியைத் தைத்துக்கொண்டு, லாரி பம்பரில் அந்த டிவிஷனின் எண்ணை எழுதிக்கொண்டு, ஒற்றர்கள் பார்க்கும்படி ஊருக்குள் திரிந்தார்கள். கைப்பிடியளவு நூலும் துணியும் ஆயிரக்கணக்கான ஆட்கள் அங்கே இருப்பதாக நம்பவைத்தன. 'தோட்குறி' என்பதை எடுத்துவிட்டு 'தோள் ஒட்டு' என்றோ 'தோள்பட்டைச் சின்னம்' என்றோ போட்டு அந்த வாக்கியத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். முதலாவது தையல்கடை வேலையாகிவிடுகிறது, இரண்டாவது அதிகாரி வேடமாகிவிடுகிறது.

இந்திய டிவிஷன்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், தோழியின் நூலில் இவை நிறைய வரும். இரண்டாம் உலகப் போரில் ஓர் இந்தியப் பிரிகேடில் (டிவிஷனின் உட்பிரிவு; பட்டாலியன் அதனினும் சிறியது) பெரும்பாலும் ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனும் இரண்டு இந்திய அல்லது கூர்க்கா பட்டாலியன்களும் இருக்கும். மொழி வேறு, மதம் வேறு, உணவு வேறு, தொப்பியில் இருக்கும் ரெஜிமென்ட் முத்திரையும் வேறு. அத்தனை பேர் கையிலும் 4ஆம் டிவிஷன் என்றால் அதே செங்கழுகு. 5ஆம் டிவிஷன் என்றால் கறுப்புத் துணியில் சிவப்பு வட்டம், தீப்பந்து என்று அழைத்தார்கள். 17ஆம் டிவிஷனுக்குக் கறுப்புப் பூனை. ரெஜிமென்ட் முத்திரை பரம்பரையைச் சொல்லும். அணிக்குறி இப்போது பக்கத்தில் நின்று சுடுபவன் யார் என்று சொல்லும். ஆகவே ரெஜிமென்டுக்கு 'முத்திரை' என்பதை விட்டுவைப்போம், அணிக்குறியோடு கலக்க வேண்டாம்.

டிவிஷன், பிரிகேடு, கோர் இவற்றுக்கும் இங்கேயே சொல் காண வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் 'படைப்பிரிவு' என்றே எழுதுகின்றன; அது தனி இழைக்கான வேலை. அதுவரை ஒலிபெயர்ப்பே போதும்.

கடைசியாகத் தோழிக்கு: அமெரிக்க வீரர் இப்போது இருக்கும் பிரிவின் தோட்குறி இடது கையில் இருக்கும், போர்க்களத்தில் எந்தப் பிரிவோடு இருந்தாரோ அதன் தோட்குறி வலது கையில். காம்பாட் பேட்ச் என்று உங்கள் நூலில் வருவது இந்த வலக்கைக் குறிதான். அதற்குப் 'போர்த்தோட்குறி' என்று போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் கனமாக இருக்கிறது. 'களக்குறி' சரியாக வருமா? அந்தச் சொல் வரும் இரண்டு மூன்று வாக்கியங்களை அப்படியே இங்கே இடுங்கள், வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.