மொட்டை மாடியா, மேற்குச் சுவரா?

அம்மாப்பேட்டைக்காரன்: "மாடியில் சுண்ணாம்பு அடித்தால் போதும், சேலத்தில் ஏசியே வேண்டாம்" என்று நேற்று ஒரு மகான் எழுதியிருக்கிறார். எந்தச் சேலம் சாமி அது? மேற்குச் சுவர் என்று ஒன்று இருக்கிறதே, சாயங்காலம் 4 மணி வெயில் முழுக்க அதில்தான் அடிக்கிறது, ராத்திரி அதில் கை வைத்துப் பார்த்ததுண்டா?

கொத்தனார் மகன்: மகான் நான்தான். ஏப்ரல் 20 வாக்கில் சேலத்தில் உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது வெயில் சுவரிலா விழும்? வெள்ளைத் தளம் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். வெறும் காங்கிரீட் பகலெல்லாம் வாங்கிவைத்து ராத்திரி கீழே இறக்கும்.

அம்மாப்பேட்டைக்காரன்: உச்சிவேளையை யார் கேட்டார்கள்? 4 மணி. மேற்குச் சுவர்.

சூரமங்கலம் செல்வி: மாடி வீடா, கீழ் வீடா? கீழ் வீட்டுக்கு மொட்டை மாடிச் சூடு நேராக இறங்காதே, அதைச் சொல்லாமலே சண்டை போடுகிறீர்களே.

ஏற்காடு காபி: 1,500 மீட்டர் உயரத்தில் எங்களுக்கு ஃபேனே தேவைப்படுவதில்லை 😄

கொத்தனார் மகன்: மலைக்காரருக்கு இங்கே என்ன வேலை?

ஏற்காடு காபி: ஞாயிற்றுக்கிழமை ஆனால் 20 கொண்டை ஊசி வளைவிலும் உங்கள் ஊர்க் கார்தான் நிற்கிறது, அப்போது மட்டும் மலை வேண்டுமா?

சிவில் பொறியாளர்: மேற்கு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு மட்டும் போட்டுப் பலனில்லை, சாய்வெயில் அதற்குக் கீழே நுழைந்துவிடும். வெளியே தட்டி கட்டுங்கள், இல்லையென்றால் மரம் வையுங்கள். உள்ளே திரை போடுவது சூடு வீட்டுக்குள் வந்த பிறகு கதவைச் சாத்துகிற கதை. ராத்திரி வெளியே குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

அம்மாப்பேட்டைக்காரன்: பார்த்தீர்களா, பொறியாளரே மேற்கு என்கிறார்!

சிவில் பொறியாளர்: நான் சொன்னது ஜன்னலை. சுவரை அல்ல.

அம்மாப்பேட்டைக்காரன்: ஜன்னல் எதில் இருக்கிறது, ஆகாயத்திலா? சுண்ணாம்பு ஒரு மழைக்கும் தூசிக்கும் மங்கிப்போகும், வருஷா வருஷம் அடிக்க இவர் அப்பா வருவாரா?

கொத்தனார் மகன்: அப்பாவை இழுக்காதீர்கள். அவர் தட்டோடு பதித்த மாடிகள் இன்னும் ஒழுகாமல் இருக்கின்றன. முகப்பெல்லாம் கண்ணாடி வைத்து வரைந்து கொடுக்கிற பொறியாளர்களைக் கேளுங்கள்.

சிவில் பொறியாளர்: கண்ணாடி கேட்பது வீட்டுக்காரர். வேண்டாம் என்றால் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்.

சூரமங்கலம் செல்வி: மாடி வீடா, கீழ் வீடா???

அம்மாப்பேட்டைக்காரன்: அம்மணி, எந்த வீடானாலும் மேற்குச் சுவர் உண்டு. போர்வெல் விஷயத்திலும் இதே ஆள் இப்படித்தான் பிடித்த பிடியை விடவில்லை.

கொத்தனார் மகன்: போர்வெல்லில் நான் சொன்ன இடத்தில்தான் தண்ணீர் வந்தது, மறந்துவிட்டதா?

அம்மாப்பேட்டைக்காரன்: வந்தது தண்ணீரா, சேறா?