லே விடுதியின் ட்ரோம்ப் சுவர்: குறைந்த செலவில் சீரமைக்க

லடாக்கில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அந்த வெயிலைப் பிடித்து அறையைச் சூடாக்க, கறுப்படித்த சுவருக்கு வெளியே இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்தியதுதான் ட்ரோம்ப் சுவர். லே பக்கத்துப் பழைய மாணவர் விடுதிகள் குளிர்வது பெரும்பாலும் இரவில் சூடு தப்பிப்போவதால்தான். பணம் குறைவென்றால் முதலில் அதைத் தடுங்கள். புதுக் கண்ணாடி பிறகு.

தெற்குப் பார்த்த ட்ரோம்ப் சுவரில் மேலும் கீழும் காற்றுத் துளைகள் இருக்கும். பகலில் கண்ணாடிக்கும் கறுப்புச் சுவருக்கும் நடுவே சூடேறும் காற்று மேல்துளை வழியே அறைக்குள் வரும். இரவில் ஓட்டம் தலைகீழ்: அறைச்சூடு மேல்துளையில் வெளியேறி, கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து, கீழ்த்துளையில் திரும்பி வரும். இதைத் தடுக்கத் தொங்கவிட்ட பாலிதீன் மடல் சில வருடங்களில் நொறுங்கிவிடும். நள்ளிரவில் கீழ்த்துளை அருகே ஊதுபத்தி பிடியுங்கள். புகை அறைக்குள் தள்ளப்பட்டால் மடல் போய்விட்டது என்று பொருள்.

மேல்துளையின் அறைப்பக்கம் கம்பிவலை அடித்து, மெல்லிய பாலிதீனை மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிட்டால் போதும். தடித்த தாள் பகல் காற்றுக்குத் திறக்காது. 4 × 2.5 மீட்டர் சுவருக்கு, வரிசைக்கு 10 × 25 செ.மீ. துளைகள் நான்கு வேண்டும்; மாணவர்கள் துணி திணித்து அடைத்தவற்றையும் திறந்துவிடுங்கள்.

*

மேலே சொன்ன மடலோடு, கண்ணாடியைக் கழற்றினால் சேர்த்துச் செய்ய வேண்டியது சுவர்ப்பூச்சு. மண்சுவர் விரிசலை மண்ணும் வைக்கோலும் குழைத்தே அடையுங்கள். சிமென்ட் வைத்தால் மண்ணோடு ஒட்டாது, ஈரத்தையும் உள்ளே பிடித்துவைக்கும். பிறகு பாளமாகப் பெயரும். பளபளப்பில்லாத கறுப்பு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே கண்ணாடியை மூடுங்கள். அவசரப்பட்டால் பெயின்ட் ஆவி உள்பக்கம் படிந்து, துடைக்க வழியில்லாமல் கண்ணாடி மங்கும். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே தெர்மாகோல் துண்டு எதுவும் வேண்டாம், சூட்டில் சுருங்கிவிடும்.

உட்பக்கத்தில் பீரோவோ கட்டிலோ சுவரை மறைக்கக் கூடாது. பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் அந்த முகம் வழியாகத்தான் அறைக்குத் தருகிறது. செலவே இல்லாத சீரமைப்பு இது. பலரும் செய்யாததும் இதுதான்.

*

கோடைப் புழுக்கத்துக்கும் ஒரு வரி. சுவரின் மேல்விளிம்பையொட்டி 50 செ.மீ. தாழ்வாரம் நீட்டினால், ஜூன் உச்சி வெயிலில் 2.5 மீட்டர் சுவர் முழுதும் நிழலாகும். டிசம்பர் நண்பகலில் மேலே சுமார் 32 செ.மீ. மட்டும் மறையும்.

கூரையில் மழை ஒழுகினால் அதை முதலில் பாருங்கள். கூரைக்குள் பரப்பிய வைக்கோல் நனைந்தால் குளிரைத் தடுக்காது.