கடப்பாக்கம் உப்பங்கழியில மீன் பிடிக்க, தோப்புல தங்க: மடிக்கிற போட்டா, ஊதுற போட்டா?

பெரம்பூர் தூண்டில் கேட்டது:

கொஞ்ச நாளா வீடியோ பார்த்துப் பார்த்து மண்டை காயுது. உங்ககிட்டயே கேட்டுடறேன்.

வீடு பெரம்பூர். ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு நடுவுல ஒரு திருப்பம். கார் சின்ன ஹேட்ச்பேக், மேல கேரியர் போடலை. சித்தப்பா பையனுக்குக் கடப்பாக்கத்துல, ஆலம்பரைக் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, கழியை ஒட்டித் தென்னந்தோப்பு இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் போய் டென்ட் போட்டுத் தங்கி, விடியக்காலையில தண்ணியில இறங்கி, உயிர் எறா போட்டுக் கொடுவா பிடிக்கணும். கரையில இருந்து வீசினா நடுப்பள்ளத்துக்கு எட்டவே மாட்டேங்குது.

போறது நானும் தம்பியும். சில நேரம் என் பையனும் வருவான், ஒன்பது வயசு. கூட ஐஸ் பெட்டி, 20 லிட்டர் தண்ணி கேன், டென்ட், அடுப்பு. கடலுக்குள்ள போற எண்ணமே இல்லை.

நான் பார்த்து வச்சது மூணு. இன்டெக்ஸ் மாதிரி காத்து ஊதுற போட். பாலிபுரொப்பிலீன்கிற பிளாஸ்டிக் தகட்டுல செய்யுற, பலகையா மடியுற போர்ட்டா-போட். பெட்டியா மடிஞ்சுடற ‘ஓரு’ங்கிற (Oru) கம்பெனி கயாக். மடிக்கிறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு, ஊதுறது வேணாம்னு தோணுது. பட்ஜெட் 60,000. கொஞ்சம் ஏறினாலும் சமாளிச்சுக்கலாம். மிக்ஜாம் வெள்ளத்துக்கு அப்புறம் “வீட்ல ஒரு போட் இருந்தா நல்லது”ன்னு வீட்டம்மாவே சொன்னாங்க, அந்த வார்த்தையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன்.

எதை வாங்கலாம்? யாராவது கழியில இதை ஓட்டியிருக்கீங்களா?

வேளச்சேரி வாசி:

வெள்ளத்துக்குன்னு ஊதுற போட் வாங்காதீங்க ப்ரோ. எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி நின்னப்போ உள்ள காம்பவுண்டு கம்பி, பைக் ஹேண்டில், உடைஞ்ச டைல்ஸ், எல்லாம் மூழ்கிக் கிடந்துச்சு. மீன் பிடிக்கிறது பத்தி எனக்குத் தெரியாது, பெரியவங்க சொல்லுவாங்க.

கானத்தூர் ரீல்:

மூணையும் ஒரே தட்டுல வைக்காதீங்க தல. மூணும் வேற வேற ஜாதி.

போர்ட்டா-போட்டுல நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. அது மடியும்தான், ஆனா நீளம் குறையாது. 10 அடி போட்டை மடிச்சா 10 அடி நீளப் பலகை ஆகும். தடிமன் நாலு அங்குலம், அகலம் ரெண்டடி. உடம்பு மட்டுமே 30 கிலோவுக்கு மேல, சீட்டெல்லாம் தனி. வெளிநாட்டுல அதை வேன் பக்கவாட்டுல மாட்டிக்கிட்டுப் போவாங்க. உங்க படிக்கட்டுத் திருப்பத்துல 10 அடிப் பலகையைத் திருப்ப முடியுமான்னு ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்க. ரெண்டாவது மாடி பால்கனியில இருந்து கயிறு கட்டி இறக்கற மாதிரி ஆயிடும், கீழ் வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார்.

ஓரு நிஜமாவே பெட்டியா மடியும். நம்ம ஊர்ல போர்டு அடிக்கிற சன்பேக் ஷீட் இருக்குல்ல, அதே சங்கதிதான், ரெண்டு சுவருக்கு நடுவுல காடி ஓடுற பாலிபுரொப்பிலீன். நல்ல தடிமனா, வெயில் தாங்குற மாதிரி செஞ்சிருப்பாங்க. 20,000 தடவை மடிக்கலாம்னு கம்பெனி சொல்லுது. சின்ன மாடல் 10 கிலோகூட வராது, தோள்ல மாட்டிக்கிட்டு மாடி ஏறிடலாம். ஆனா பெரும்பாலும் ஒரு ஆள் கயாக். காலை நீட்டித் தண்ணி மட்டத்துல உட்காரணும். எழுந்து நின்னு வீச முடியாது. ஐஸ் பெட்டி எங்க வைப்பீங்க, பையனை எங்க வைப்பீங்க? இந்தக் கணக்குல அது அடிபட்டுப் போச்சு.

ஊதுறதுல ரெண்டு வகை. பொம்மைக் கடையில தொங்குற வினைல் ஒண்ணு. நெசவுத்துணி உள்ள வச்ச தடி பிவிசி இன்னொண்ணு. ரெண்டாவதுல அடித்தளம் டிராப்-ஸ்டிச்னு வரும். மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவுல ஆயிரக்கணக்குல நூல் ஓடும், அதனால உப்பாம தட்டையா நிக்கும். 8, 10 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வரை ஏத்தலாம், பலகை மாதிரி விறைச்சுடும், மேல நிக்கலாம். நீங்க “ஊதுறது வேணாம்”னு தள்ளுறது முதல் வகையைப் பார்த்துட்டுன்னு நினைக்கிறேன்.

உங்க எடையைக் கூட்டுங்க. பெரியவங்க ரெண்டு பேர் 150, பையன் 30, தண்ணி 20, ஐஸ் பெட்டியும் சாமானும் 25. 225 கிலோ ஆச்சு. போட் மேல எழுதியிருக்கிற எடையில மூணுல ரெண்டு பங்கைத்தான் நான் நம்புவேன். அதனால 340, 350 கிலோ போட்டிருக்கிறதைப் பாருங்க.

பெரம்பூர் தூண்டில்:

நீளம் குறையாதுன்னு எனக்கு நிஜமாவே தெரியாது அண்ணா. வீடியோவுல பலகையாத்தான் காட்டினாங்க, பக்கத்துல நின்னவர் ஆறரை அடி ஆளா இருந்திருப்பார் போல. படிக்கட்டு அளந்தேன், வாய்ப்பே இல்லை.

ஒரு யோசனை. தோப்புல மோட்டார் ரூம் இருக்கு, பக்கத்துல ஓலைக் கொட்டகை இருக்கு, காவலுக்கு ஒரு அய்யா குடும்பத்தோட இருக்காரு. அங்கேயே வச்சுட்டா?

கானத்தூர் ரீல்:

அப்ப கேள்வியே மாறிப் போச்சே! போட் ராத்திரி எங்க படுக்கும்கிறதை முதல்ல முடிவு பண்ணணும், மத்ததெல்லாம் அப்புறம். தோப்புலயே இருக்கும்னா மடிக்கவே தேவையில்லை. மரக்காணம், கடப்பாக்கம் பக்கம் கழியில ஓடுற சின்ன ஃபைபர் தோணி பழசு கிடைக்குமான்னு அந்தக் காவக்கார அய்யாகிட்டயே கேளுங்க. ஆளிச் சிப்பி ஓடு உரசினாலும் ஒண்ணும் ஆகாது.

ஆனா முட்டுக்காடு, முதலியார்குப்பம்னு வேற இடத்துக்கும் எடுத்துட்டுப் போகணும்னா ஊதுறதுதான். மடிச்சா பெரிய சூட்கேஸ் அளவு, 30, 35 கிலோ. பின் சீட்டை மடிச்சா ஹேட்ச்பேக்ல போயிடும்.

ராயபுரம் நரம்பு:

ஆளி பத்தி அண்ணன் ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுதான் கழியில பெரிய எமன். பாலத்துத் தூண், பாறை, பழைய குச்சி, எல்லாத்துலயும் ஒட்டியிருக்கும். தண்ணி வத்துறப்போ பார்த்தீங்கன்னா ஓட்டோட விளிம்பு பிளேடு மாதிரி மேல் நோக்கி நிக்கும். தண்ணி ஏறிட்டா கண்ணுக்குத் தெரியாது. நம்ம கரையில ஏத்த இறக்கம் ஒரு மீட்டர் சுமாருக்குத்தான், ஆனா கழியே இடுப்பாழம்தானே, அந்த ஒரு மீட்டர்ல எல்லாம் மாறிடும். முதல் தடவை போறப்போ வத்தின நேரத்துல கரையோரமா நடந்து, எங்க எங்க ஓடு இருக்குன்னு பார்த்து வச்சுக்கோங்க. காலுக்குச் செருப்பு போட்டுக்கிட்டு.

கிழிஞ்சா: சைக்கிள் டியூப் ஒட்டுற சொல்யூஷன் பிவிசில நிக்காது. ரெண்டு பாகம் கலக்குற பிவிசி பசை வேணும். இடத்தை அசிட்டோன்ல துடைச்சு, லேசா உப்புக்காகிதம் தேய்ச்சு, ரெண்டு பக்கமும் தடவி, காய விட்டு ஒட்டிட்டு ஒரு நாள் முழுசா அமுக்கி வைக்கணும். பாலிபுரொப்பிலீன் போட்டுக்குச் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. அதுக்குச் சூடு வச்சுத்தான் ஒட்டணும். கார் பம்பரும் பெரும்பாலும் அதே சரக்குதான். புதுப்பேட்டையில பம்பர் வெல்டிங் பண்றவங்ககிட்ட கொண்டு போனா வேலை முடிஞ்சுடும்.

ஒகேனக்கல் மருமகன்:

யாரும் பரிசல் பத்திப் பேசலையே? எங்க மாமனார் ஊர்ல ஒரு ஆள் தலையில கவுத்துக்கிட்டு நடந்து போயிடுவார். பஞ்சர் ஆகாது, பம்பு வேண்டாம், கீழே ஓட்டை விழுந்தா தார் பூசினா போதும். 60,000 எதுக்கு?

கானத்தூர் ரீல்:

பரிசல் வேணும்னா பரிசல் ஓட்டத் தெரிஞ்ச மாமனாரும் வேணும் மாப்ளே. எங்களை மாதிரி ஆளு துடுப்பு போட்டா ஒரே இடத்துல சுத்திக்கிட்டே நிக்கும்.

ராயபுரம் நரம்பு:

காத்து பத்திச் சொல்லாம விட முடியாது. ஊதுற போட் தண்ணி மேல இலையாட்டம் நிக்கும், உள்ள இறங்காது. அதனால காத்து இழுத்த இழுப்புக்குப் போகும். ஏப்ரல், மே மாசத்துல காலையில அமைதியா இருக்கும், மதியத்துக்கு மேல கடல்காத்து எழும்பும். அது உங்களை உள்பக்கம் தள்ளும், கை வலிக்கும், அவ்வளவுதான். ஆனா ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல காலையில மேல்காத்து அடிக்கும், கரையில இருந்து கடலைப் பார்த்து. அந்த நேரத்துல தண்ணியும் வத்திக்கிட்டு இருந்தா ரெண்டும் சேர்ந்து முகத்துவாரத்துக்கு இழுத்துட்டுப் போகும். துடுப்பு ரெண்டை வச்சு அதை ஜெயிக்க முடியாது. அந்த மாசத்துல முகத்துவாரத்துக்குப் பக்கத்துலயே போகாதீங்க. நங்கூரம் ஒண்ணு, நீளமான மூங்கில் கோல் ஒண்ணு கட்டாயம். சேத்துல ஊனிக் கட்டிட்டா நங்கூரத்தை விட நல்லா நிக்கும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை போட்டை மறந்துடுங்க, ஆத்து வெள்ளம் இறங்குற காலம்.

அப்புறம் லைஃப் ஜாக்கெட். 2011 டிசம்பர் 25, பழவேற்காடு ஏரியில சுற்றுலா வந்தவங்க போன படகு கவிழ்ந்து 22 பேர் போயிட்டாங்க. கடல் இல்லை அது, ஏரி. வாங்குறப்போ எத்தனை நியூட்டன்னு (மிதக்க வைக்கிற விசையோட அளவு) பாருங்க. 50 போட்டிருந்தா அது நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு. 100 போட்டதுதான் மயங்கினாலும் முகத்தை மேல திருப்பி வைக்க முயற்சி பண்ணும். பையனுக்கு அவன் எடைக்கு ஏத்த அளவு, கவட்டை வார் இருக்கிறதா வாங்குங்க. பெரியவங்களுதை இறுக்கிக் கட்டிட்டா சரியாயிடும்னு நினைக்காதீங்க, தண்ணியில கழண்டு மேல வந்துடும்.

செங்கல்பட்டு சார்:

ஊர் விஷயம் ஒன்று. செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நான்கும் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள், அங்கே போட்டோடு போய் நிற்க வேண்டாம். கிராமத்து ஏரிகளில் மீன்பாசி குத்தகை எடுத்தவர் இருப்பார். நீங்கள் பொழுதுபோக்குக்கு வந்தேன் என்று சொன்னாலும் அவர் கண்ணுக்கு நீங்கள் அவர் காசைப் பிடிக்கிறீர்கள். முன்கூட்டியே பார்த்துப் பேசிவிட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கழியிலும் வலை கட்டியிருக்கும் இடத்துக்குள் போகாதீர்கள். மோட்டார் மாட்டும் ஆசை இருந்தால் 2021-இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் பதிவு விதிகளைப் படித்துவிட்டு மாட்டுங்கள். துடுப்போடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

இன்னொரு விஷயமும் பேச்சுவாக்கில் சொல்லலாம். மடிக்கும் படகு புதுசு இல்லை. ஜெர்மனியில் கிளெப்பர் 1907-லேயே மரச்சட்டமும் துணியுமாகச் செய்து விற்க ஆரம்பித்துவிட்டார். 1956-இல் ஹான்னஸ் லிண்டெமன் என்கிற டாக்டர் அந்தப் படகிலேயே 72 நாளில் அட்லாண்டிக்கைத் தாண்டினார். கொடுவாவுக்கு அது தேவைப்படாது.

பெரம்பூர் தூண்டில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காவக்கார அய்யாகிட்ட போன்ல பேசினேன். அவர் மச்சான்கிட்ட சின்ன ஃபைபர் தோணி இருக்காம், ஞாயித்துக்கிழமை காலையில சும்மாதான் கிடக்குதாம், கூடவே அவரும் வந்து பள்ளம் காட்டுறேன்கிறார். முதல்ல அதுல போய் இடம் பழகிக்கிறேன். அதுக்கப்புறமும் சொந்தமா வேணும்னு தோணினா டிராப்-ஸ்டிச் தளம் வச்ச தடி பிவிசி, 350 கிலோ. சரிதானே?

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். ஊதின போட்டைத் தோப்புல வெயில்ல விட்டா வெடிக்குமா? வீட்டம்மா கேக்கறாங்க.

கானத்தூர் ரீல்:

சரிதான். அந்த மச்சானுக்குக் காசு பேசிக் கொடுத்துடுங்க, சும்மா வந்தார்னு விட்டுடாதீங்க.

வெடிக்கிறது பத்தி: வெறும் வினைல் போட்டை 30 டிகிரியில 1 பிஎஸ்ஐ ஏத்தி வெயில்ல போட்டீங்கன்னா, உள்காத்து 60 டிகிரிக்குப் போறப்போ, பை விரியலைன்னு வச்சுக்கிட்டா, ரெண்டரை பிஎஸ்ஐ ஆயிடும். ஓரத்துல சீம் (ஒட்டின மூட்டு) விடும். தடி பிவிசி தாங்கும், ஆனா பசை வச்சு ஒட்டின சீம் நம்ம வெயில்ல நாளாவட்டத்துல இளகும். சூடு வச்சு வெல்டு பண்ணின சீமா பார்த்து வாங்குங்க. தண்ணியில இருக்கிறப்போ அடிப்பக்கம் குளிர்ச்சியாவே இருக்கும், பயம் இல்லை. கரைக்கு இழுத்ததும் நிழல்ல போட்டு, ஒவ்வொரு வால்வையும் திறந்து ஒரு மூச்சுக் காத்தை விட்டுடுங்க. காலையில திரும்ப இறக்கறப்போ தொளதொளன்னு இருக்கும், அது ஓட்டை இல்லை, ராத்திரி குளிர்ச்சிக்குச் சுருங்கினது. கால் பம்பால நாலு மிதி மிதிச்சா போதும். தளத்துக்கு மட்டும் கால் பம்பு பத்தாது, 8 பிஎஸ்ஐக்கு, இழுத்தாலும் அமுக்கினாலும் காத்து ஏத்துற டபுள் ஆக்‌ஷன் கைப்பம்பு வேணும், கூடவே அழுத்தம் காட்டுற கேஜ். போட்டோட வரலைன்னா தனியா வாங்கிக்கோங்க.