மகளின் குருதிச்சோகைக்குப் பயறும் கௌபியும் போதுமா?

கேள்வி (உவர்மலை, திருகோணமலை)
வணக்கம். 17 வயதான என் மகளுக்கு ஈமோகுளோபின் 9.8 எனப் பரிசோதனையில் வந்துள்ளது. வைத்தியர் தந்த இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்று குடிக்க மறுக்கிறாள். நாங்கள் மச்சம் சாப்பிடாதவர்கள். பயறு, கௌபி, கடலை அவித்துக் கொடுத்தே இதைச் சரிப்படுத்த முடியுமா?

பதில் 1
அக்கா, அவித்த கௌபி ஒரு கோப்பையில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இந்த வயதுப் பெண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் தேவை. ஆனால் பயறு வகைகளில் உள்ள பைற்றேற்று என்னும் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உண்பதில் சிறு பங்கே உடலில் சேரும். இரவில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவித்தால் அப்பொருள் ஓரளவு குறையும்; பயற்றை முளைகட்டினால் இன்னும் நல்லது. நம் வீடுகளில் கௌபியோடு தேங்காய்ப்பூவும் சம்பலும் வைத்துவிட்டு உடனே பிளேன்ரீயும் ஊற்றிக் கொடுக்கிறோமே, அந்தத் தேநீர்தான் இரும்பு சேர்வதைப் பெரிதும் தடுக்கிறது. அதை ஒரு மணித்தியாலமாவது தள்ளிவையுங்கள். சம்பலில் தேசிக்காயைத் தாராளமாகப் பிழியுங்கள். சூட்டில் உயிர்ச்சத்து சி அழிந்துவிடும் என்பதால் அடுப்பில் இருக்கும்போது பிழிய வேண்டாம். கொய்யாப்பழமும் உதவும்.

பதில் 2
மேலே சொன்னவை அனைத்தும் சரியே, எனினும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்கிறேன். இந்த வயதில் 12க்குக் கீழே இருந்தாலே குருதிச்சோகை, 9.8 என்பது உணவால் மட்டும் ஈடுசெய்யக்கூடிய குறைவு அன்று. வயிற்றுப் பிரட்டலை வைத்தியரிடம் சொன்னால், சாப்பாட்டுக்குப் பின் எடுப்பதா, ஒன்றுவிட்ட நாள் எடுப்பதா, வேறு வகை மாத்திரையா என்று அவர் மாற்றித் தருவார். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டின் காவிகளுக்கும் ஈமோகுளோபின் குறைந்து காணப்படலாம் என்பதால், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரற்றின் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.

பதில் 3
குருதி உருவாக இரும்போடு போலிக்கமிலமும் உயிர்ச்சத்து பி12உம் தேவை. பயறு வகைகளில் போலிக்கமிலம் நிறைய உண்டு. உயிர்ச்சத்து பி12 அறவே இல்லை. மச்சம் தவிர்க்கும் வீட்டில் அதற்காகப் பால், தயிர் அவசியம். ஆனால் கல்சியமும் இரும்பைத் தடுப்பதால், தயிரைக் கௌபியோடு கொடுக்காமல் வேறு வேளைக்கு வையுங்கள்.

கேட்டவர்
மிக்க நன்றி. நாளைக்கே தேநீரை மாலைக்கு மாற்றுகிறேன். மாத்திரை பற்றி இந்த வாரமே வைத்தியரிடம் பேசுகிறோம்.