உண்ணியால் வரும் நோயை டேங்க் பாலை வைத்தே கண்காணிக்கலாமா?

செங்குன்றம்_கறவை
வணக்கம். செங்குன்றம் பக்கம் 38 கறவை மாடு, எல்லாம் ஜெர்சி, ஹெச்எஃப் கலப்பினம். மழை விட்டதும் உண்ணி ஏறிவிடுகிறது. ஐரோப்பாவில் ஆட்டுப்பாலைச் சோதித்தே உண்ணி மூளைக்காய்ச்சல் எந்த வட்டாரத்தில் சுற்றுகிறது என்று பார்க்கிறார்கள். அதேபோல தைலீரியாவையும் (உண்ணி பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோய்) கியூ காய்ச்சலையும் (மனிதருக்கும் தொற்றும் பாக்டீரியா நோய்) மாதம் ஒருமுறை பாலில் பார்த்தால், ஒவ்வொரு மாட்டுக்கும் ரத்தம் எடுக்கிற வேலை குறையுமா? சங்கத்து பிஎம்சியில் (பால் குளிரூட்டும் பெரிய தொட்டி) சாம்பிள் எடுத்தால் போதுமா?

ஆய்வக_மேசை
பிஎம்சி வேண்டாம் சார். பல வீட்டுப் பால் அங்கே ஒன்றாகிறது. நோய்க்கு எதிராக உங்கள் மாடுகளின் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் பாலில் தேடுகிறோம், அது அதில் கரைந்து காணாமல் போகும், வந்தாலும் யார் வீட்டு மாடு என்று தெரியாது. உங்கள் கேனில், சங்கத்துக்குப் போகும் முன்பே எடுங்கள்.

பிளஞ்சரால் (பால் கலக்கும் கம்பி) அடிவரை நன்றாகக் கலக்கிய பிறகு 50 மில்லி குழாயில் முக்கால் அளவு மட்டும் நிரப்புங்கள். ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் அன்றே ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். அங்கே 2000 ஜி விசையில் 10, 15 நிமிடம் சுழற்றி, மேலே கட்டிய கொழுப்பைத் துளைத்துக் கீழே உள்ள தெளிந்த பாலை மட்டும் உறிஞ்சி எடுப்பார்கள். சேமித்து வைக்க வேண்டுமென்றால் இந்தக் கொழுப்பு நீக்கிய பாலைத்தான் மைனஸ் 20-ல் உறைய வைக்கணும். முழுப்பாலை உறைய வைத்தால் கொழுப்பு உடைந்து எலிசா (எதிர்ப்புப் பொருளை நிற மாற்றத்தால் அளக்கும் சோதனை) தட்டில் ஒட்டி, அளவு கெடும்.

கெடாமல் இருக்க எதையாவது போடுவதென்றால் புரோனோபால் மாத்திரை போடலாம். சோடியம் அசைடு கூடவே கூடாது, எலிசாவில் நிறம் தருகிற பெராக்சிடேஸ் நொதியை அது முடக்கிவிடும். நோய் இருந்தும் நெகட்டிவ் என்று வரும்.

கியூ காய்ச்சலுக்குப் பாலுக்கென்றே சரிபார்த்த எலிசா கிட் உண்டு. தைலீரியாவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சீரத்துக்கான (ரத்தத்தின் தெளிநீர்) கிட். பாலில் ஐஜிஜி (எதிர்ப்புப் பொருளில் ஒரு வகை) சீரத்தைவிடப் பல மடங்கு குறைவு, அதனால் சீரத்துக்குச் சொன்ன நீர்ப்பும் கட்-ஆஃபும் (பாசிட்டிவ், நெகட்டிவ் பிரிக்கும் எல்லை அளவு) பாலுக்குப் பொருந்தாது. முதலில் சில மாடுகளில் ஒரே நாளில் ரத்தமும் பாலும் எடுத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மாதவரத்திலோ வேப்பேரியிலோ கால்நடைப் பல்கலை ஆய்வகத்தில் முன்கூட்டியே பேசிவிட்டுப் போவது நல்லது.

மாட்டு_டாக்டர்
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சாம்பிள் எடுத்த அன்று எந்தெந்த மாட்டுப் பால் கேனில் விழுந்தது என்று நோட்டில் எழுதாவிட்டால் மாதாமாதம் ஒப்பிடவே முடியாது. சீம்பாலில் ஐஜிஜி எக்கச்சக்கம். கன்று ஈன்று ஒரு வாரம் ஆகாத ஒரே ஒரு மாட்டின் பால் போதும், கேன் முழுவதும் உயர்ந்து காட்டும். மடிநோய் இருந்தாலும், பால் வற்றும் கட்டத்திலும் அப்படித்தான். தைலீரியா தடுப்பூசி போட்டிருந்தால் தேதியையும் குறித்து வையுங்கள், ஊசியாலும் எதிர்ப்புப் பொருள் வரும்.

முக்கியமாக, பால் பரிசோதனை மந்தையைப் பற்றித்தான் சொல்லும். காய்ச்சல் 104 டிகிரிக்கு மேல் போய், தோள் முன் நெறி வீங்கிய மாட்டுக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. காது நரம்பு ரத்தத்திலும் நெறியிலிருந்து உறிஞ்சிய திரவத்திலும் ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் மெல்லிய பூச்சு) எடுத்து, ஜீம்சா சாயத்தில் அன்றே பார்க்கணும். மூத்திரம் காபி நிறத்தில் போனால் பபீசியாவையும் (உண்ணி பரப்பும் இன்னொரு ரத்த ஒட்டுண்ணி) நினைக்கணும்.

செங்குன்றம்_கறவை
நன்றி டாக்டர். பாலில் எதிர்ப்புப் பொருள் அளவு ஏறினால் உடனே என்ன செய்வது? பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) போட்டால் கிருமியே தெரியாதா?

ஆய்வக_மேசை
தைலீரியா ரத்த அணுக்களுக்குள் வாழ்வது, அதைப் பாலில் பிசிஆரில் தேடுவது நம்பகமில்லை. கியூ காய்ச்சல் கிருமி காக்சியெல்லா பாலில் வெளியேறும், ஆனால் விட்டு விட்டுத்தான். ஒரு மாதம் நெகட்டிவ் வந்ததை வைத்து நிம்மதியடைய வேண்டாம். அதோடு, இது உண்ணியைவிடக் கன்று ஈனும்போது வரும் நஞ்சுக்கொடி, கசிவு, அதன் தூசி வழியாகத்தான் மனிதருக்கு அதிகம் தொற்றும். நஞ்சுக்கொடியைக் கையுறை போட்டு எடுத்து ஆழப் புதையுங்கள், கர்ப்பிணிப் பெண்கள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

மாட்டு_டாக்டர்
அளவு ஏறினால் முதலில் கொட்டகைச் சுவரைப் பாருங்கள். தைலீரியாவைப் பரப்பும் ஹயலோமா உண்ணி மாட்டின் மேல் இருப்பதைவிட விரிசலில் ஒளிந்திருக்கும் நேரம் அதிகம். மாட்டுக்கு மட்டும் மருந்தடித்து விரிசலை விட்டுவிட்டால் அடுத்த தொகுதி ஏறிவிடும். விரிசலைப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். பபீசியாவைப் பரப்பும் உண்ணி வேறு, அது மாட்டின் மேலேயே சுமார் மூன்று வாரம் இருக்கும். அதனால் ஒரு தடவை அடித்துவிட்டு நிறுத்தினால் வேலைக்கு ஆகாது.

அமிட்ராஸ் 12.5 சதவீதம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. காது உட்புறம், வால் அடி, மடி மேல்பகுதி மூன்றையும் விடக் கூடாது. கறந்து முடித்த பிறகே அடியுங்கள், அடுத்த கறவைக்கு முன் மடியைக் கழுவுங்கள். லேபிளில் உள்ள பால் தவிர்ப்புக் காலத்தை மீறாதீர்கள். கறவை மாட்டுக்கு ஐவர்மெக்டின் ஊசி வேண்டவே வேண்டாம், பாலில் பல வாரம் நிற்கும்.

குடிக்கிறவர்களுக்கு: பொங்கக் காய்ச்சினால் காக்சியெல்லா தாங்காது. பச்சைப் பாலை வீட்டிலும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பிரான்சில் 2020-ல் ஐன் பகுதியில் 40-க்கும் மேற்பட்டவர்களுக்கு உண்ணி மூளைக்காய்ச்சல் தொற்று வந்தது, பெரும்பாலும் பச்சை ஆட்டுப்பால் சீஸ் சாப்பிட்டதால்தான்.