புயல் ஓய்ந்த பிறகு முதலில் எதைப் பார்க்க வேண்டும்? கஜாவைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

செக்காலைத் தம்பி:
பருவமழை நெருங்குகிறது. காரைக்குடியில் எங்கள் தெருப் பையன்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம், கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கிறது. பெரிய புயல் வந்தால் என்ன செய்வது என்று பேச உட்கார்ந்தால், பாதிப் பேர் மரம் அறுக்கும் மெஷின் என்கிறார்கள், மீதிப் பேர் ஜெனரேட்டர் என்கிறார்கள், அத்தோடு சண்டையில் முடிந்துவிடுகிறது. 2018 நவம்பர் 16 கஜா புயல் அன்று இங்கேயும் மரம் சாய்ந்தது, கரண்ட் போனது. ஆனால் புதுக்கோட்டை வாங்கிய அடிக்கு அது ஒன்றுமே இல்லை. அதுவும் ஏறக்குறைய நம்ம ஊர் மாதிரிதான், இரண்டும் 2024இல்தான் மாநகராட்சி ஆயின. அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள், எது சீக்கிரம் சரியானது, எது இழுத்தது?

திருக்கோகர்ணம்:
தம்பி, ரோட்டில் கிடந்த மரம்தான் முதலில் போனது. அவரவர் தெருவில் அரிவாள், ரம்பம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இழுத்தது கரண்ட். டெல்டா, புதுக்கோட்டை எல்லாம் சேர்த்து லட்சத்துக்கு மேல் கரண்ட் போஸ்ட் போய்விட்டது. கேரளாவிலிருந்துகூட மின்வாரிய ஆட்கள் வந்து கம்பி இழுத்தார்கள், அப்படியும் முதலில் டவுன், பிறகுதான் கிராமம். சரி, இருட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் தண்ணீர் இல்லை, அதுதான் ஆளை உட்கார வைத்துவிட்டது. வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றி வந்து மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வீட்டு டேங்கை நிரப்பிக் கொடுத்தார்கள், அதற்கும் வரிசை. உங்கள் சம்பை ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு இனித்தாலும் மோட்டார் ஓடினால்தான் டேங்கில் ஏறும். அதனால் என் ஓட்டு ஜெனரேட்டருக்கு. வீட்டுக்கு ஒன்று வேண்டாம், தெரு போர்வெல்லுக்கு ஒன்று போதும்.

ஆலங்குடி தென்னந்தோப்பு:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். ஜெனரேட்டரை மாட்டும் முன் மெயின் சுவிட்சை இறக்குங்கள். இல்லையென்றால் நம் வீட்டிலிருந்து கரண்ட் திரும்ப லைனுக்குப் போய், கம்பத்தில் ஏறி நிற்கிறவன் உயிர் போகும். அறுந்து கிடக்கும் கம்பி செத்த கம்பிதானே என்று காலால் ஒதுக்குவதும் அதே மாதிரிதான், மின்வாரிய ஆள் வந்து சொல்லும் வரை தொடவே கூடாது.
அப்புறம் நிவாரணம். எங்கள் பக்கம் தென்னை அப்படியே படுத்துவிட்டது, மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய் அறிவித்தார்கள். புதுக் கன்று காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்தவர்கள் அந்தத் தொகையைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பணம் வருகிறதோ இல்லையோ, கணக்கெடுக்க வரும் முன் விழுந்ததை விழுந்தபடியே படம் எடுத்து வையுங்கள். பட்டா, ஆதார், பாஸ்புக் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரத்தில்.

கானாடுகாத்தான் ஆச்சி:
நீங்கள் எல்லோரும் ஆள் குடியிருக்கிற வீட்டையே பேசுகிறீர்கள். நம்ம ஊர்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறதே அப்பா. பங்காளிகள் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், குலத்தார் கூடிக் கும்பிடும் படைப்புக்கு வந்தால் உண்டு. புயலில் நாட்டு ஓடு நாலு நழுவினால் யாருக்குத் தெரியும்? அடுத்த மழை முழுக்க உள்ளே இறங்கி உத்தரம் ஊறி, பர்மாத் தேக்காகவே இருந்தாலும் எத்தனை நாள் தாங்கும்? ஒரு நோட்டுப் போட்டு, எந்த வீட்டுச் சாவி யாரிடம், எந்தப் பங்காளிக்கு போன் பண்ணினால் எடுப்பார் என்று இப்போதே எழுதி வையுங்கள். இடித்த வீட்டிலிருந்து பழைய ஓடு கிடைத்தால் வாங்கி அடுக்கி வையுங்கள், புயலுக்குப் பிறகு தேடினால் விலையும் ஏறும், ஓடு மாற்றத் தெரிந்த கொத்தனாரும் கிடைக்க மாட்டார். தார்ப்பாய் நாலைந்து இருந்தால் அதுவரை சமாளிக்கலாம். மெஷினைவிட இது மலிவு.

திருக்கோகர்ணம்:
ஆச்சி சொன்னதோடு ஊரணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போர்வெல் நின்றுபோன நாளில் குளமும் கிணறும் இருந்த தெருக்காரர்களுக்குக் குளிக்க, துவைக்க, மாட்டுக்கு என்று ஓடியது, குடிக்க மட்டும்தான் அலைந்தார்கள். பேராவூரணியில் கஜாவுக்குப் பிறகு இளைஞர்களும் விவசாயிகளும் கைபா என்று ஓர் அமைப்பாகச் சேர்ந்து பெரியகுளத்தையே தூர்வாரினார்கள். உங்களுக்கு அவ்வளவு வேலை இல்லை, செட்டிநாட்டில் ஊரணிக்குக் குறைச்சலா? படிக்கட்டு, சுற்றுச்சுவர் எல்லாம் அந்தக் காலத்திலேயே கட்டி வைத்துவிட்டார்கள், தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால்தான் குப்பையில் அடைத்துக் கிடக்கும்.

செக்காலைத் தம்பி:
நன்றி அண்ணே, ஆச்சி. சாவி நோட்டு யாருக்கும் தோன்றவே இல்லை, எங்கள் தெருவிலேயே பூட்டிய வீடு வரிசையாக நிற்கிறது. ஜெனரேட்டரை வாங்காமல், மழைக்காலம் முடியும் வரை வாடகைக்குப் பேசி வைத்தால் போதுமா, இல்லை புயல் அன்று வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களா?

ஆலங்குடி தென்னந்தோப்பு:
கொடுத்துவிடுவார்கள். முன்பணம் கொடுத்து, பொருளையும் இப்போதே உங்கள் தெருவில் இறக்கச் சொல்லுங்கள். டீசலும் சேர்த்து.