ஏரியா சபைக்கு என்ன எழுதிக் கொடுப்போம்?

குழு: நம் தெரு உறவுகள், செல்லூர், மதுரை

வெள்ளிக்கிழமை

செல்வராணி டீச்சர் | காலை 6:40
அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் பகுதியின் ஏரியா சபைக் கூட்டம். கவுன்சிலர் வருகிறார், உதவிப் பொறியாளரும் வருவார் என்று சொன்னார்கள். வாயால் சொல்வது மண்டபத்தைத் தாண்டாது. எழுதிக் கொடுத்தால்தான் பதிவேட்டில் ஏறும். ஊருக்கும் தெருவுக்கும் என்ன வேண்டும் என்று ஆளாளுக்கு இங்கே போடுங்கள். நிவேதா தொகுத்து மனுவாக எழுதித் தருவாள்.

சுந்தரம் (மாடிவீடு) | காலை 6:52
நல்ல காரியம் டீச்சர். திருமங்கலம் – ஒத்தக்கடை மெட்ரோவை விரைவாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். வைகையில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓட வேண்டும். விமான நிலையத்துக்குக் கூடுதல் விமானங்கள் வேண்டும்.

செல்வராணி டீச்சர் | காலை 6:58
எல்லாம் வேண்டியதுதான் சார். ஆனால் அவை சென்னையிலும் டெல்லியிலும் முடிவாகிற விஷயங்கள். வார்டு மேசையில் முடிகிறதைச் சொல்லுங்கள். ஏரியா சபை அதற்காகத்தான் வந்தது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் இதைத் தொடங்கினார்கள். கிராமத்துக்குக் கிராம சபை போல நமக்கு இது. பயன்படுத்தாமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

ஜாகிர் (ஆட்டோ) | காலை 7:15
டீச்சரம்மா, வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு போடச் சொல்லுங்கள். இரவில் கண்ணுக்கே தெரியவில்லை. பிரசவ வலியோடு ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டி தூக்கிப் போட்டது, எனக்கு உயிரே போய்விட்டது. மூலையில் எரியாத விளக்குக் கம்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீனா | காலை 7:21
கொசு. தெருநாய். குப்பை வண்டி வருகிற நேரம் தெரிய வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக் குப்பை நாள் முழுக்க வாசலில் கிடக்கிறது.

கார்த்திக் (பெங்களூர்) | காலை 7:40
அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து மருந்துக்கடை வரை கூட்டிப்போக முடியவில்லை. நடைபாதை என்று போட்டிருப்பது முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஏறினால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர். இறங்கினால் பஸ். ஊருக்கு வரும்போதெல்லாம் நான் இருக்கிறேன், மற்ற நாட்களில் அவர்கள் வெளியே வருவதே இல்லை. தயவுசெய்து இதையும் எழுதுங்கள்.

நிவேதா | காலை 7:48
கார்த்திக் அண்ணா, இதற்கு அளவே இருக்கிறது. எங்கள் வகுப்பில் படித்தோம். சாலைகளுக்கு அளவு வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டியின்படி நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும். முழங்கால் உயரம் என்று எழுதினால் சிரித்துவிட்டுப் போவார்கள், மில்லிமீட்டரில் எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். இன்று மாலையே அளக்கிறேன்.

சுந்தரம் (மாடிவீடு) | காலை 8:05
நடைபாதை வேண்டும் என்றால் முதலில் தள்ளுவண்டிகளை எடுக்க வேண்டும். அதை முதல் கோரிக்கையாகப் போடுங்கள்.

பாண்டியம்மா (இட்லிக்கடை) | காலை 10:20
இப்போதுதான் அடுப்பை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன். சுந்தரம் அண்ணே, என் வண்டியும் அதில்தானே வரும்? கொரோனா நேரத்தில் உங்கள் வீட்டுக்கும் கஞ்சி கொடுத்தனுப்பிய வண்டி அது. நடைபாதையை நான் மறிக்கவில்லை. நிற்க ஓர் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள், அங்கே போய் நிற்கிறேன்.

சுந்தரம் (மாடிவீடு) | காலை 10:31
உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை பாண்டியம்மா. ஆனால் பாத்திரம் கழுவிய தண்ணீர் முழுவதும் என் வாசல் சாக்கடையில்தான் விழுகிறது. எண்ணெயும் சோறும் உறைந்து அடைத்துக்கொள்கிறது. மழை நாளில் அதுதான் என் வீட்டுக்குள் வருகிறது.

பாண்டியம்மா (இட்லிக்கடை) | காலை 10:34
வேறு எங்கே ஊற்றுவேன் அண்ணே? ஒரு குழாயும் கழுவுகிற இடமும் இருந்தால் நான் ஏன் உங்கள் வாசலுக்கு வருகிறேன்?

நிவேதா | காலை 10:50
இரண்டையும் ஒரே கோரிக்கையாக எழுதலாம் மாமா. தெரு வியாபாரிகளுக்கு 2014-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. கணக்கெடுப்பு நடத்தி விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். "அகற்றுக" என்று எழுதாமல், "விற்பனைக்கு இடம் குறித்துக் கொடுத்து, குழாயும் கொழுப்புத் தடுப்புத் தொட்டியும் கட்டி, நடக்க 1.8 மீட்டர் விடுக" என்று எழுதுகிறேன். அம்மாச்சி சக்கர நாற்காலியும் போகும், பாண்டியம்மா அக்கா வண்டியும் நிற்கும்.

சுந்தரம் (மாடிவீடு) | காலை 11:02
சரி. இடம் எங்கே என்பதை எங்களையும் கேட்டுவிட்டுக் குறிக்க வேண்டும். அதையும் எழுது.

குருசாமி (தறி) | பிற்பகல் 2:10
நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஒன்றே ஒன்று. 2024 அக்டோபர் 25-இல் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. என் தறி குழித்தறி, தரை மட்டத்துக்குக் கீழே கால் வைத்து மிதிக்கிற தறி. வாசலில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஆனால் குழிக்குள் இடுப்பளவு நின்றது. மிதிக்கட்டை மிதந்தது. கஞ்சி போட்ட பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், நனைந்தால் பிறகு ஒன்றுக்கும் ஆகாது. இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். வெட்டித்தான் எறிந்தேன். வாடை போக எத்தனை சாம்பிராணி போட்டோம் என்று என் வீட்டுக்காரியைக் கேளுங்கள். மெட்ரோ வரட்டும், மேம்பாலம் வரட்டும். ஐப்பசிக்கு முன்னால் தண்ணீர் போக வழி செய்யச் சொல்லுங்கள்.

ஜாகிர் (ஆட்டோ) | பிற்பகல் 2:14
குருசாமி அண்ணன் சொன்னதுதான் முதல் கோரிக்கை. என் வேகத்தடையைக் கடைசியில் போட்டுக்கொள்ளுங்கள் டீச்சரம்மா.

மீனா | பிற்பகல் 2:15
ஆமாம். என் கொசுவும் அதோடு போய்விடும்.

சனிக்கிழமை

ரமேஷ் | காலை 8:30
நம் தெருச் சாக்கடை மூடியைத் திறந்து ஆளை இறக்கி அடைப்பை எடுத்துவிட்டால் போதுமே. எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார். வீட்டுக்கு இருநூறு போட்டால் நாளைக்கே முடித்துவிடலாம்.

ஓவர்சீயர் ஐயா | காலை 8:37
ரமேஷ் தம்பி, அந்தப் பேச்சே வேண்டாம். பாதாளச் சாக்கடையில் மனிதரை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். உள்ளே விஷவாயு இருக்கும், ஆள் இறங்கிய நிமிடமே மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குகிற அடுத்தவரும் விழுவார். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. பணம் கிடக்கட்டும், நம் தெருச் சாக்கடைக்காக ஒரு வீட்டில் பிள்ளை தகப்பனை இழக்கக் கூடாது. இயந்திர வண்டியை வரச் சொல்லிக் கேட்போம், வருகிற வரை காத்திருப்போம்.

ரமேஷ் | காலை 8:41
புரிந்தது ஐயா.

ஓவர்சீயர் ஐயா | காலை 9:05
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடைப்பு நம் தெருவில் மட்டும் இல்லை. தண்ணீர் வருகிற வழியைப் பாருங்கள். சாத்தையாற்றுத் தண்ணீர் கண்மாய் கண்மாயாக நிரம்பி இறங்கிக் கடைசியில் செல்லூர்க் கண்மாய்க்கு வருகிறது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு என்கிற வழிந்தோடும் மதகைத் தாண்டிப் பாய்ந்து பந்தல்குடி வாய்க்காலில் விழுந்து வைகைக்குப் போக வேண்டும். அந்த வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் நாம் கொட்டுகிற மெத்தையும் சோபாவும் கிடந்தால் தண்ணீருக்கு வேறு போக்கிடம் ஏது? பள்ளத்தில் இருக்கிற நம் வீடுகளுக்குள்தான் வரும்.

குருசாமி சொன்ன அந்த அக்டோபர் 25 அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் மட்டும் 4.5 சென்டிமீட்டர் மழை. நாள் முழுவதும் சேர்த்து 9.8. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி ஒன்றில் அந்தக் கால் மணி நேரத்தில் விழுந்த தண்ணீர் மட்டும் நாலாயிரம் லிட்டருக்கு மேல். தெருவில் எத்தனை மாடி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நிவேதா | காலை 9:12
தாத்தா, அப்படியானால் நம் மாடித் தண்ணீரை நாமே பிடித்தால்? மழைநீர் சேகரிப்பை 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினார்களே.

ஓவர்சீயர் ஐயா | காலை 9:18
அதைத்தான் சொல்ல வந்தேன் கண்ணு. பல வீடுகளில் குழாய் இருக்கிறது, குழி மண் மூடிக் கிடக்கிறது. ஜல்லியும் மணலும் எடுத்துக் கழுவிப் போட்டால் பாதித் தண்ணீர் பூமிக்குள் போகும். இதற்குக் கவுன்சிலர் தேவையில்லை.

குருசாமி (தறி) | காலை 9:25
சாலை உயரம், ஐயா? என் அப்பா கட்டும்போது தெருவிலிருந்து படி ஏறித்தான் வீட்டுக்குள் போவோம். இப்போது தெருவிலிருந்து இறங்கிப் போகிறோம்.

ஓவர்சீயர் ஐயா | காலை 9:33
மிக முக்கியம் குருசாமி. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதுத் தாரை ஊற்றிக்கொண்டு போனால் வீடு பள்ளமாகும், மூடியும் பள்ளமாகும். சுரண்டிய பிறகே போட வேண்டும், சாலையின் மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டிருக்கிறார். நம் தெருவுக்கு அடுத்த முறை சாலை போடும்போது சுரண்டுவதற்கான தொகை மதிப்பீட்டில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மதிப்பீட்டு நகல் கேட்கலாம். 30 நாளில் தர வேண்டும்.

சுந்தரம் (மாடிவீடு) | காலை 9:50
செல்லூர்க் கண்மாய்த் தண்ணீரை வெளியேற்றச் சிமெண்டுக் கால்வாய் கட்ட 11.9 கோடி என்று அந்த மழைக்குப் பிறகு முதலமைச்சர் அறிவித்தாரே. அதற்கு மேல் நாம் என்ன கேட்பது?

ஓவர்சீயர் ஐயா | காலை 9:58
கால்வாய் கண்மாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் தம்பி. நம் தெருத் தண்ணீர் அந்தக் கால்வாய்க்குப் போய்ச் சேர வேண்டாமா? சேருகிற இடத்தில் மட்டம் சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கால்வாய் நிறைந்து ஓடும்போது தண்ணீர் திரும்பி நம் பக்கம் ஏறாமல் இருக்க அந்த இடத்தில் ஒரு தடுப்புக் கதவு வேண்டும். கோடிக்கணக்கில் வேலை நடந்தாலும் இந்தக் கதவு விட்டுப்போனால் குருசாமியின் தறிக்குழி நிரம்பத்தான் செய்யும்.

செல்வராணி டீச்சர் | காலை 10:15
இதைத்தான் எதிர்பார்த்தேன் ஐயா. நம் ஊர்க்காரர்கள் கைவைத்த வேலை மதுரையில் நிறைய. வெளிவீதி இருக்கிற இடம் கோட்டை மதிலும் அகழியுமாக இருந்தது. 1840களை ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்துத் தூர்க்க மக்களையே அழைத்தார். வேலை செய்தவர்களுக்கு அந்த நிலத்தையே கொடுத்தார். அவர் நினைவாக ஊரார் நட்டதுதான் விளக்குத்தூண். பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. மதில் போனதால் ஊர் விரிந்தது, நல்லது. ஆனால் தூர்த்து வீடு கட்டுகிற கை அதோடு நிற்கவில்லை, கண்மாய் வரைக்கும் போய்விட்டது.

கார்த்திக் (பெங்களூர்) | காலை 10:40
"நமக்கு நாமே" திட்டத்தில் நாம் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் இல்லையா? கதவுக்கு அந்த வழியில் கேட்கலாமா? வெளியூரில் இருக்கிற எங்களைப் போன்றவர்களிடம் நான் வசூலித்துத் தருகிறேன்.

ஓவர்சீயர் ஐயா | காலை 10:44
வடிகால் வேலைக்கு மாநகராட்சி நிதியே முறை. முதலில் அதைக் கேட்போம். தட்டிக்கழித்தால் உன் வழி இருக்கிறது.

நிவேதா | இரவு 8:20
எழுதிவிட்டேன். அனைவரும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

"ஐயா, செல்லூர்ப் பகுதியில் வசிக்கும் நாங்கள் வேண்டுவது: வடகிழக்குப் பருவமழைக்கு முன் எங்கள் தெரு வடிகாலை, பந்தல்குடி வாய்க்காலில் சேரும் இடம் வரை இயந்திரம் கொண்டு தூர்வார வேண்டும். சேரும் இடத்தில் மட்டம் அளந்து தடுப்புக் கதவு பொருத்த வேண்டும். கால்வாய்ப் பணியின் நிலையைச் சபையில் படித்துக்காட்ட வேண்டும். இனி சாலையைச் சுரண்டிய பின்னரே போட வேண்டும். பெரிய கழிவுப் பொருட்களை எடுக்க மாதம் ஒரு நாள் வண்டி அனுப்ப வேண்டும். இவை முதன்மைக் கோரிக்கைகள். நடைபாதை, விற்பனை இடம், விளக்கு, வேகத்தடைக் கோடு, குப்பை வண்டி நேரம், கொசு ஒழிப்பு, நாய்களுக்குக் கருத்தடை ஆகியவை அளவுகளுடனும் படங்களுடனும் இணைப்பில் உள்ளன."

நேற்று மாலை அளந்தேன். மருந்துக்கடை எதிரே நடைபாதை உயரம் 410 மில்லிமீட்டர். நாடாவோடு படம் எடுத்திருக்கிறேன்.

மீனா | இரவு 8:26
மெத்தை, சோபாவுக்கு வண்டி கேட்டது மிக நல்லது. போட இடம் இல்லாமல்தான் வாய்க்காலில் போடுகிறார்கள்.

குருசாமி (தறி) | இரவு 8:31
"எங்கள் தெருவில் குழித்தறிகள் உள்ளன" என்று ஒரு வரி சேர்த்துக்கொள் பாப்பா. தண்ணீர் கணுக்கால் அளவுதானே என்று சொல்லிவிடக் கூடாது.

நிவேதா | இரவு 8:33
சேர்த்துவிட்டேன் மாமா. நனைந்த பாவின் படம் இருந்தால் அனுப்புங்கள்.

பாண்டியம்மா (இட்லிக்கடை) | இரவு 8:45
நாளை ஒன்பதரைக்கே கடையை ஏறக்கட்டிவிடுவேன். அடுத்த தெரு வண்டிக்காரர்களையும் அழைத்து வருகிறேன்.

ஜாகிர் (ஆட்டோ) | இரவு 8:47
கார்த்திக் தம்பி, அம்மாவை நான் ஆட்டோவில் கூட்டிப்போகிறேன். நாற்காலியைப் பின்னால் கட்டிக்கொள்ளலாம். அவர்களே வந்து பேசட்டும்.

கார்த்திக் (பெங்களூர்) | இரவு 8:49
அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டார்களாம். நன்றி அண்ணே.

செல்வராணி டீச்சர் | இரவு 9:05
நிவேதா, இரண்டு நகல் எடு. ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். ஐயா, வாய்க்கால் மட்டத்தைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும். வீட்டுக்கு ஒருவராவது ஒன்பதே முக்காலுக்குப் பிள்ளையார் கோவில் முன்னால் வந்துவிடுங்கள், சேர்ந்தே போவோம்.

சுந்தரம் (மாடிவீடு) | இரவு 9:11
நகல் செலவு என்னுடையது. மூன்றாகவே எடு நிவேதா, ஒன்று நம் கோப்பில் இருக்கட்டும்.